குரங்கா, தேவசாயலா என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள்

தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், ஞாயிறு பள்ளி மற்றும் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாடக்குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமாரே, அம்மாமாரே, உடன் ஊழியர்களே,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான புத்தகங்கள் அச்சுக்குப் போகும் காலம் நெருங்குகிறது. அச்சாகி வந்த பிறகு முணுமுணுப்பதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது என்பதால் எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் பேத்தி வீட்டுக்குக் கொண்டுவந்த செயல்புத்தகத்தில் ஒரு பக்கம். இடப்புறம் கூன் விழுந்த குரங்கு, அதற்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்த ஒன்று, அதற்கும் முன்னால் ஈட்டி பிடித்த மனிதன். வலப்புறம் ஒரு புதருக்குப் பின்னால் புன்னகையோடு ஆதாமும் ஏவாளும். மேலே கொட்டை எழுத்தில் கேள்வி: ‘நீ குரங்கின் பிள்ளையா, தேவனின் பிள்ளையா?’ தவறான படத்தின் மேல் சிவப்பு கிரேயானால் பெருக்கல் குறி போட்டு, சரியான படத்தின் மேல் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் பேத்தி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அவள் அழுத்திய அழுத்தில் குரங்குப் பக்கத் தாளே கிழிந்திருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் பரிணாமம், ஞாயிற்றுக்கிழமை ஆலய வராந்தாவில் ஆதியாகமம். இரண்டையும் ஒரே வாயால் சொன்னேன், இரண்டையும் நம்பியே சொன்னேன். ஆகவே அந்தச் செயல்புத்தகத்தின் கேள்வி பிள்ளைகளைக் கேட்கக்கூடாத கேள்வி என்று சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக்குப் போகும். நம் மாநில அறிவியல் பாடநூலில் பரிணாமப் பாடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இன்னும் விரிவாக இருக்கிறது. அப்போது நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? ‘பரீட்சைக்கு எழுது, மனசில் நம்பாதே.’ இந்த வாக்கியத்தை நான் ஒரு சபையில் மட்டும் கேட்கவில்லை. பல சபைகளில் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் அனுமதித்த பொய் எது, அனுமதிக்காத பொய் எது என்று பிள்ளைகள் எப்படிப் பிரித்துக்கொள்வார்கள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மதிப்பெண்ணுக்காக ஒன்றும் ஆலயத்துக்காக ஒன்றும் பேசப் பழகிய பிள்ளை, ஆலயத்தில் பேசுவதையும் ஒருநாள் பரீட்சை விடைபோலப் பேசத் தொடங்கிவிடும்.

2018 ஜனவரியில் அன்றைய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததாக நம் முன்னோர் சொல்லவில்லை, டார்வின் தவறு என்று பேசினார். நம்மவர்கள் எவ்வளவு சிரித்தோம்! 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பாடநூலைக் காவிமயமாக்குகிறார்கள் என்று நம் சபைகளிலும் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அமைச்சர் சொன்ன அதே வாதத்தைத்தான் நாம் படம் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் மொட்டைமாடியில் தாவுகிற குரங்கு நமக்குப் பாட்டன் என்று எந்த உயிரியல் புத்தகமும் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான ஒரு மூதாதை இனம் இருந்தது என்றுதான் சொல்கிறது. இதற்கு ஆதாரம் எலும்புகள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு ‘இடையில் உள்ள கண்ணி எங்கே?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்புகளை ஒரு பக்கம் வையுங்கள். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற சாட்சியைப் பாருங்கள்.

சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும், செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 24 ஜோடி. நமக்கு 23. பொதுவான மூதாதை இருந்தது உண்மையானால், ஒரு ஜோடி எங்கே போனது? முழுதாகக் காணாமல் போயிருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டி.என்.ஏ.வின் ஆறு எழுத்துக் கோவை ஒன்று நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். முனை தேயாமல் காப்பது அதன் வேலை. நடுவில் அதற்கு வேலையே இல்லை. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில், முனைக்கு மட்டுமே உரிய அந்தக் கோவை, எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. செல் பிரியும்போது இழைகள் பற்றிக்கொள்ளும் மையப் புள்ளி ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்கும். இரண்டாம் குரோமோசோமில் வேலை செய்யும் மையம் ஒன்றும், செயலிழந்துபோன மையத்தின் எச்சம் ஒன்றும் இருக்கின்றன. சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களை அருகருகே வைத்தால், நம்முடைய இரண்டாவதோடு அவை பொருந்துகின்றன.

இதைப் படித்த ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, ‘ஐயா, தேவன் இதை ஏன் இப்படி வைத்தார்?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நம்மை ஏமாற்றுவதற்காக ஒட்டிய அடையாளத்தைப் பொய்யாகப் போட்டு வைத்தார் என்று சொல்வீர்களா? அப்படிப்பட்ட ஒரு தேவனை நான் வேதத்தில் சந்தித்ததில்லை. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷ நம்பிக்கை கொண்ட கிறிஸ்தவர். அந்த எழுத்துகளை வாசிக்க வைத்தவர் அவர். பரிணாமத்தையும் ஏற்றார், விசுவாசத்தையும் விடவில்லை.

‘அதெல்லாம் அமெரிக்கக் கதை’ என்பீர்களானால், நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில், நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். இந்த ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் மிஷனரியாக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பர்சிவல். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மாமனார் கையில் ஆதியாகமம், மருமகன் கையில் கல் கோடரி! தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இந்த இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்திருக்கின்றன. நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருவருக்காவது இதைச் சொல்லியிருக்கிறோமா?

அத்திரம்பாக்கத்தை சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நம் காலத்தில் மீண்டும் தோண்டினார்கள். 2011-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகள் குறைந்தது 10 லட்சம், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அப்படியானால் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தக் கல்லைச் செதுக்கிய கை நம் இனத்தின் கையே அல்ல. நமக்கு முன் இருந்த வேறொரு மனித இனத்தின் கை. கல்லின் இருபுறமும் ஒரே அளவாகச் சில்லு பெயர்த்து, கண்ணீர்த் துளி வடிவத்தில் செதுக்கத் தெரிந்த கை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்தவை இருக்கின்றன. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறோமே, ஒரு முறை அங்கே அழைத்துப்போய்ப் பாருங்கள்.

மரபியல் ஆய்வாளர் ஸ்வான்டே பாபோ 2022-இல் நோபல் பரிசு பெற்ற வேலை இதையொட்டியதுதான். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 விழுக்காடு, அழிந்துபோன நியாண்டர்தால் என்னும் வேறொரு மனித இனத்திடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவர் முதல் வாசலில் செருப்பைக் காவல் காப்பவர் வரை எல்லாருக்குள்ளும் அது இருக்கிறது. குரங்கோடு தூரத்து உறவு என்றதும் நமக்குக் கூசுகிறது. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பிவைத்திருக்கிற ஊர்கள் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தபோது நமக்கு அவ்வளவு கூசவில்லை. தேவன் தம்முடைய சாயலில் நம்மைப் படைத்தார் என்கிறோமே, எது அந்தத் தேவசாயலுக்கு இழுக்கு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வேதத்துக்கு வருகிறேன். சிலர் சமாதானமாக, ‘ஆறு நாள் என்றால் ஆறு யுகம்’ என்று ஒட்டுப்போட்டுத் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாளில் மரங்கள், நான்காம் நாளில் சூரியன். ஐந்தாம் நாளில் பறவைகள், ஆறாம் நாளில் தரைவிலங்குகள். நாளை எவ்வளவு நீட்டினாலும் இந்த வரிசை பாறைகளில் கிடைக்கும் வரிசையோடு ஒத்துப்போகாது. இரண்டாம் அதிகாரத்தில் வரிசையே வேறு: முதலில் மனுஷன், பிறகு மிருகங்கள், கடைசியில் ஸ்திரீ. அடுத்தடுத்த பக்கத்தில் இரண்டையும் வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கால அட்டவணை கொடுப்பது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் இப்படி வைத்திருக்க மாட்டார்கள். சூரியனும் சந்திரனும் கும்பிடத்தக்க தெய்வங்கள் அல்ல, ஆண்டவர் ஏற்றிவைத்த சுடர்கள் என்று, அவற்றைக் கும்பிட்ட பாபிலோன் போன்ற நாடுகளின் நடுவே வாழ்ந்த மக்களுக்குச் சொல்லுகிறது அந்த அதிகாரம்.

இதில் எதுவும் உங்களில் பலருக்குப் புதிதல்ல என்பதுதான் என் ஆதங்கம். செராம்பூர் பாடத்திட்டத்தில் இறையியல் படித்து வந்த போதகர்கள் இதையெல்லாம் முதலாண்டு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். பட்டமளிப்பு அங்கியோடு அதையும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறீர்கள். சபை இடறிப்போகும் என்ற பயம். மூத்தவர்கள் இடறுவார்கள் என்று பயந்து, இளையவர்களை இடறவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘நம் பிதாக்களின் விசுவாசம்’ என்று இதற்குப் பெயர் சூட்டுவதும் சரியல்ல. சூரியன் இல்லாத முதல் மூன்று நாள்களில் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். இயற்கையைப் பற்றி விசுவாசி ஒருவன் வேதத்தின் பெயரால் உளறினால், விவரம் தெரிந்த அவிசுவாசி சிரிப்பான், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராயர் அகஸ்தீன் எச்சரித்தார். இருவரும் டார்வினைக் கண்டு பயந்து பேசியவர்கள் இல்லை. மறுபக்கம், பூமிக்கு ஆறாயிரம், பத்தாயிரம் வயதுதான் என்ற கொள்கை இன்றுள்ள வேகத்தில் பரவியது 1961-க்குப் பிறகுதான். அமெரிக்காவில் ஜான் விட்கம் என்ற வேத ஆசிரியரும் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் நோவாவின் வெள்ளத்தைக் கொண்டு பாறைகளை விளக்கி எழுதிய நூலோடு வந்த அலை அது. 1925-இல் டென்னசியில் பரிணாமத்துக்கு எதிராக வழக்காடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, படைப்பின் நாள்கள் 24 மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டவர். நம் செயல்புத்தகப் படங்கள் எந்தக் கப்பலில் வந்தன என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக நடந்திருக்கிறார்கள். 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்திருக்குமா என்று ஆராயத் தடையில்லை, ஆத்துமா தேவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்றார். 1996-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று பாப்பரசர் அறிவியல் கழகத்துக்கு எழுதினார்.

தேவன் படைத்தார் என்பதும் பரிணாமத்தில் வந்தோம் என்பதும் ஒன்றையொன்று வெட்டுமா? உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், ‘கர்த்தர் தந்த ஈவு’ என்று ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறீர்கள். அந்தக் குழந்தை கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்து, செல் பிரிந்து, ஒன்பது மாதம் வளர்ந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்கேன் படத்தையும் காட்டுகிறீர்கள், 139-ஆம் சங்கீதத்தையும் வாசிக்கிறீர்கள். ‘நீ கருமுட்டையின் பிள்ளையா, தேவனின் பிள்ளையா?’ என்று எந்தச் செயல்புத்தகமும் கேட்பதில்லை. தாயின் வயிற்றில் ஒன்பது மாதம் நடந்தால் அது தேவனுடைய கைவேலை. பூமியின் வயிற்றில் பல நூறு கோடி ஆண்டுகள் நடந்தால் மட்டும் சாத்தானின் பொய்யா? ‘பூமியானது பிறப்பிக்கக்கடவது’ என்று கட்டளையிட்டவரே பூமிக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். ‘அது அப்படியே ஆயிற்று’ என்றும் எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடினமான இடத்தை விட்டுவிட்டு ஓடினால் நானும் யோக்கியன் அல்ல. இன்று மனிதரிடையே காணும் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், நம் மூதாதையர் ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டமாக இருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஜோடியிலிருந்து மட்டும் இத்தனை வேறுபாடு வந்திருக்க முடியாது என்கிறது மரபியல். ரோமர் ஐந்தாம் அதிகாரமோ ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் தேவன் பெயர்சொல்லி அழைத்த தலைமனிதன் ஆதாம் என்று கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆதாம் என்பது ஒவ்வொரு மனுஷனுடைய கதை என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். என் மனம் முதல் பக்கம் சாய்கிறது. இரண்டாம் பக்கம் நிற்பவர்களை அவிசுவாசிகள் என்று சொல்ல நான் ஆயத்தமில்லை. பவுலின் வாதம் எங்கே போய் நிற்கிறது என்றால், எல்லாரும் பாவஞ்செய்தோம், கிறிஸ்து எல்லாருக்கும் போதுமானவர் என்பதில் நிற்கிறது. மனுக்குலம் முழுவதும் பாவத்தில் கிடக்கிறது என்பதற்கு எனக்கு மரபணுச் சான்று தேவையில்லை. நம் சபைத் தேர்தல் ஒன்றைப் பார்த்தால் போதும்.

பாவத்தால்தான் சாவு வந்தது என்கிறோமே, பாவத்துக்கு முன் சாவு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. மனுஷன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றையொன்று தின்ற விலங்குகளின் எலும்புகள் கிடைக்கின்றன. 104-ஆம் சங்கீதம், பால சிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் தேடுவதைத் துதியின் நடுவே பாடுகிறது. சிங்கத்தின் பல்லைச் சாபத்தின் அடையாளமாக அந்தச் சங்கீதக்காரன் பார்க்கவில்லை. ஆனால் உயிரோடிருக்கும் புழுவுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னவிடும் குளவியைப் பார்த்து டார்வின் கலங்கினாரே, 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கலக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்ற ரோமர் எட்டாம் அதிகாரத்தோடு நான் நின்றுகொள்கிறேன். ஆறே நாளில் எல்லாம் முடிந்தது என்று சொன்னாலும் அந்தக் குளவி அங்கேயேதான் இருக்கப் போகிறது.

இன்னொரு பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. பரிணாமம் நிரூபணமானதால் கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கும் பகுத்தறிவாளர்கள், அறிவியல் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறார்கள். ஒருவன் உறுதியான ஆத்திகனாகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்று 1879-இல் டார்வினே ஒரு கடிதத்தில் எழுதி, கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கன் குருவையும் ஆசா கிரேயையும் உதாரணமாகக் காட்டினார். பரிணாமம் என்றால் நாத்திகம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர்க் கறுப்புச் சட்டையும் வெள்ளை அங்கியும் கைகோத்து நிற்பது வேடிக்கைதான்.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? சிறு பிள்ளைகளுக்கு, தேவன் உன்னைப் படைத்தார், நேசிக்கிறார் என்று சொல்லுங்கள். அது போதும், குரங்கை இழுக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்குப் பள்ளியில் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பாடம் எழுதுங்கள். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை ஜெபக்குறைவு என்று அடக்காதீர்கள். பாடக்குழுவில் உயிரியல் கற்பிக்கும் ஒருவரையும் பழைய ஏற்பாடு கற்பிக்கும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தகையவர்கள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள், யாரும் கூப்பிடாததால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூத்த வகுப்புக்கான நான்கு பாடங்களின் வரைவை நானே எழுதித் தருகிறேன். திருத்துங்கள், வேண்டாததை வெட்டுங்கள், என் பெயரைப் போட வேண்டாம். அச்சகத்துக்கு அனுப்பும் தேதியை மட்டும் முன்கூட்டித் தெரிவியுங்கள். அந்தக் குரங்குப் பக்கத்தை இந்த ஆண்டு எடுத்துவிட்டீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்